வெறும் வயிற்றில் சொல்லாதவர்

என் மாமனாரைக் குடும்பத்தில் எல்லோரும் பார்சல் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். லாரி சர்வீஸ் ஒன்றின் பார்சல் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தலை நரைத்தவர். மூட்டைகளை எடை போட்டு, சீட்டு ஒட்டி, எது அடியில் எது மேலே என்று அடுக்க வைப்பது அவர் வேலை. கண்ணாடிச் சாமான் வந்தால் மட்டும் யாரையும் நம்ப மாட்டார், குழந்தையைத் தூக்குவதுபோல் தானே தூக்கிக்கொண்டு போய் வைப்பார். அந்தக் குணத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, குடும்பத்தில் ஒரு சாவு விழுந்தால் அதைச் சொல்ல வேண்டியவர்களிடம் போய்ச் சொல்லும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஒரு தடவை போனார், பதமாகச் சொல்லிவிட்டு வந்தார், அவ்வளவுதான். நம் வீடுகளில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து காட்டிவிட்டால் பிறகு சாகிறவரை அது நம்முடையதுதானே.

அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வாசலில் நின்று சொல்ல மாட்டார். உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார். இல்லை என்றால் எதையாவது சொல்லிச் சாப்பிட வைப்பார். அவர்கள் சாப்பிட்டு முடித்து, கை கழுவி வந்து உட்கார்ந்த பிறகுதான் விஷயத்துக்கு வருவார். கேட்டபின் இரண்டு நாளைக்கு அவர்கள் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டார்கள், அழ வேண்டும், அலைய வேண்டும், வெறும் வயிற்றில் எப்படித் தாங்குவார்கள் என்பது அவர் கட்சி. அவருடைய அப்பா இறந்த சேதியை யாரோ தெருவில் நின்றபடியே கத்திச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தாராம். மூடக்கூட இல்லாமல் ஓடினார். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது பாதி வழியில் மயங்கி விழுந்தார். மீதி வழி வேறு யாரோ தோள் கொடுத்தார்கள். அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

இதனால் வந்த கூத்தும் கொஞ்ச நஞ்சமில்லை. எதேச்சையாக ஒரு உறவுக்காரர் வீட்டுக்குப் போனவர், வழக்கமாக எல்லோரும் கேட்பதுபோல் "என்னம்மா, சாப்டியா?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மாள் கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு, "ஐயோ, யாரு? யாருன்னு சொல்லுங்க!" என்று கதற ஆரம்பித்துவிட்டார். தெருவே கூடிவிட்டது. அதற்கப்புறம் என் மாமியார், எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அவரைக் கூட அழைத்துப் போவார்.

எனக்கு இந்த ஏற்பாடு பிடித்ததே இல்லை. சோற்றைப் போட்டுவிட்டுத் தலையில் கல்லைத் தூக்கிப் போடுவது என்ன நியாயம்? கல்யாணமான புதிதில் அவரிடமே சொல்லிப் பார்த்தேன். "மாப்ளே, உங்களுக்கு இன்னும் யாரும் போகல. அதான் பேசுறீங்க" என்றார்.

அவருக்கு ஒரே தங்கை. கலகலப்பான மனுஷி. புருஷன் பக்கவாதம் வந்து படுத்தபடுக்கையாகக் கிடந்தார், பேச்சும் குழறிவிட்டது. அவரைத் திருப்பிப் போட்டு, துடைத்து, ஊட்டிவிட்டு, அதற்கு நடுவில் ஊர்க்கதையும் பேசிச் சிரிக்க வைப்பாள். பெரியவள் பெண், உள்ளூரிலேயே இருக்கிறாள். இளையவன் பையன், தலைமுடியை வைத்து அவனுக்குச் சுருட்டை என்று பெயர். வெளிநாட்டில் கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, விரிசல் இருந்தால் ஒதுக்குவான். அந்த பாட்டிலில் என்ன ஊற்றுவார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் அவன் அம்மா, "ஏதோ பார்லித் தண்ணியாம்" என்று சொல்லி வைத்திருந்தாள். பீர் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பொய்யும் இல்லைதான்.

அம்மாவும் மாமாவும் வந்து தன்னைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று சுருட்டை ரொம்ப நாளாக அடம்பிடித்து, விசா வாங்கி, டிக்கெட்டும் எடுத்து அனுப்பியிருந்தான். அவனே வந்து பார்க்க முடியாத நிலைமை, வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் பாஸ்போர்ட் அவன் கையில் இல்லை. தங்கை ஒரு கம்பளிச் சட்டை வாங்கி, கொளுத்துகிற வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு புருஷன் முன்னால் நடந்து காட்டினாள். அவர் பாதி முகத்தால் சிரித்தார். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனவள் படியிலேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

எல்லோருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரத்திலும் முதலில் எழுந்த பேச்சு சுருட்டையைப் பற்றித்தான். தனியாக ஒரு அறையில் இருக்கிற பையன், வரவும் வழியில்லை, போனில் கேட்டுவிட்டு என்ன ஆவானோ என்று அவன் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மாமனார்தான் சொன்னார். "இப்ப சொல்ல வேணாம். நான்தான் போறேனே. பக்கத்துல உக்காந்து நேர்லயே சொல்லிக்கிறேன்."

அம்மா ஏன் போன் எடுக்கவில்லை, ஏன் வரவில்லை என்று அவன் கேட்பானே? அதற்கும் ஒரு பதில் தயார் செய்தார்கள். "அப்பாவுக்கு முடியல, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. அம்மா உள்ளேயே கூட இருக்காங்க, அங்க போன் கொண்டுபோக விடல" என்று அக்கா அவனிடம் சொன்னாள். கேட்க நல்ல பொய்யாகத்தான் இருந்தது. அதில் ஓட்டை இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாமனார் அந்த வாரம் முழுக்க அழவே இல்லை. கூடப் பிறந்தவளை வழியனுப்பிவிட்டு, வந்தவர்களுக்குச் சாப்பாடு பார்த்தார், மச்சானுக்கு மருந்து கொடுத்தார், பெட்டி கட்டினார். ஏர்போர்ட்டில் நான் விட்டுவிட்டு வரும்போது, "என்ன மாமா, சமாளிச்சிடுவீங்களா?" என்றேன். "வேலை பாக்கி இருக்கு மாப்ளே. முடிச்சிட்டு வந்துதான் மத்ததெல்லாம்" என்றார். இனி நான் சொல்லப்போவது அவரும் சுருட்டையும் தனித்தனியாக என்னிடம் சொன்னது.

அங்கே போய் இறங்கியபோது சுருட்டை வெளியே காத்திருந்தான். மாமாவைப் பார்த்தான், மாமாவுக்குப் பின்னால் கதவையும் கொஞ்ச நேரம் பார்த்தான். "அம்மா வரலல்ல" என்றான். "உங்கப்பாவைப் பார்த்துக்கணும்ல" என்றார் இவர். அவன் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் பெட்டியை ஏற்றினான். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டார் மாமனார்.

சின்ன அறை. இரண்டு கட்டில் போட்டு, இரண்டிலும் புது விரிப்பு விரித்து வைத்திருந்தான். சாதமும் முட்டையும் செய்து மாமாவுக்குப் போட்டான். "நீ சாப்டியாடா?" என்று கேட்டார். "ஷிப்ட்லயே சாப்பிட்டேன் மாமா. நீங்க சாப்பிடுங்க." அவன் சாப்பிட்டதை இவர் கண்ணால் பார்க்கவில்லை. கண்ணால் பார்க்காததைக் கணக்கில் சேர்க்க மாட்டார். சரி, காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார்.

காலையில் அவன் குளித்துத் தயாராக நின்றான். பக்கத்து ஊருக்குப் போகிறோம், ஆறு இருக்கிறது, பழைய பாலம் இருக்கிறது, மணிக்கூண்டு இருக்கிறது, சாயங்காலம் பீர் ஃபேக்டரியைச் சுற்றிப் பார்க்கிறோம், எல்லாவற்றுக்கும் முன்னாலேயே டிக்கெட் போட்டாயிற்று என்றான். "பீர் ஃபேக்டரியா? எனக்கெதுக்குடா அந்தக் கருமம்?" என்றார். "எங்க பாட்டில் அங்கதான் போகுது மாமா. அம்மாதான் பார்க்கணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றான். இவர் சட்டையை மாட்டிக்கொண்டார். ஒரு வாய் காபியாவது குடி என்றதற்கு ரயில் போய்விடும் என்று இழுத்துக்கொண்டு போனான்.

ரயிலில் ரொட்டி வாங்கிக் கொடுத்தான். பாதியைப் பிய்த்து நீட்டினார். "எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க." இவர் முழுவதையும் தின்றார். இறங்கியதும் ஒரு கடையில் சூப் மணத்தது. "வாடா, குளிருது, ஆளுக்கு ஒண்ணு குடிப்போம்." உட்கார்ந்தார்கள். ஒரு கிண்ணம்தான் வந்தது. "எனக்கு வயிறு சரியில்ல மாமா." அதையும் இவரே குடித்தார். பாலத்துக்குப் பக்கத்தில் இனிப்பு பன், மணிக்கூண்டுக்குக் கீழே வறுத்த கடலை. தான் தின்பதைப் பார்த்தாவது அவனுக்குப் பசிக்காதா என்று இவர் வாங்கி வாங்கி மென்றார். துக்கம் சொல்லப் போன மனுஷன் நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கவளமும் ருசிக்கவில்லை என்றார். தொண்டையில் தங்கச்சி நிற்கிறாள், அவளைத் தாண்டி எது இறங்கும்?

சுருட்டை என்னவோ வாய் ஓயாமல் பேசினான். அவன் அப்படிப் பேசுகிறவனே இல்லை. இந்தச் சிலை எப்போது வைத்தது, இந்த ஆறு எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். ஒரு இடத்தில் நின்றால் உடனே அடுத்த இடத்துக்குக் கிளம்பினான். பெஞ்சில் உட்கார விடவில்லை. பாலத்தின் நடுவில் மட்டும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அப்பாவைப் பற்றிப் பேசினான். சைக்கிள் பழக்கிவிட்ட அப்பா பின்னால் பிடித்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் கையை விட்டது, அவன் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து விழுந்தது, முட்டியில் ரத்தம் வந்ததைப் பார்த்து அப்பாவே அழுதது. "கடைசியா வீடியோவுல பேசினப்ப நான் சரியாவே பேசல மாமா. வேலைக்கு லேட்டாச்சுன்னு வெச்சுட்டேன்." ஆஸ்பத்திரியில் இருப்பதாக நினைத்துக் கவலைப்படுகிறான் பாவம் என்று மாமனார் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

ஃபேக்டரி வாசலில் டிக்கெட்டைக் காட்டினான். மூன்று பேருக்குப் போட்டிருந்தான். கவுன்டரில் இருந்த பெண் மூன்றாவது ஆள் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். இவன் அந்த ஊர் பாஷையில் ஏதோ சொன்னான். "என்னடா சொன்னே?" என்றார். "அடுத்த தடவை வருவாங்கன்னு சொன்னேன்." மாமனார் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

சுற்றிக் காட்ட ஒரு பெண் வந்தாள், சிரித்த முகம், கணீரென்ற குரல். கூட ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். முதலில் தானியக் கிடங்கு. முளைகட்டிக் காயவைத்த பார்லி ஒரு தொட்டியில் குவிந்து கிடந்தது. அவள் ஒரு கரண்டியால் அள்ளி ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் போட்டு, மென்று பாருங்கள், இதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்றாள். எல்லோரும் வாயில் போட்டார்கள். மாமனாரும் போட்டுக்கொண்டார், லேசாக இனித்தது. பக்கத்தில் சுருட்டை அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு விரல்களை மடக்கிக்கொண்டான்.

அந்த மூடின கையைப் பார்த்ததும்தான் அவருக்குப் பொறி தட்டியது. நேற்று ராத்திரியிலிருந்து இந்தப் பையன் வாயில் ஒரு பொட்டு எதுவும் போகவில்லை. கல்லூரி விடுதியில் இருந்தபோது அவனுடைய அப்பாவழித் தாத்தா போன சேதியைச் சொல்ல இவர்தான் போயிருந்தார். எதிர்க்கடையில் உட்காரவைத்து வயிறு நிறைய வாங்கிக் கொடுத்து, கை கழுவிவிட்டு வந்ததும் சொன்னார். மற்றவர்கள் இவருடைய முறையைப் பிறர் சொல்லிக் கேட்டவர்கள். இவன் அனுபவித்தவன். சாப்பிட்டால் மாமா சொல்லிவிடுவார். சாப்பிடாதவரை சொல்ல மாட்டார். அதனால் அவன் சாப்பிடவில்லை.

தெரிந்துதான் இருக்கிறான் என்று நினைத்தபோது அவருக்கு ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது என்று ஒத்துக்கொண்டார். அம்மா இல்லை என்பது அவனுக்குத் தெரியும், இனி தான் சொல்ல வேண்டியது பாதிதான். ஆனால் எப்படித் தொடங்குவது? பெரிய பெரிய செப்புக் கொப்பரைகளில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது, கஞ்சி வாசனை. பிறகு பாதாள அறை, எலும்பைத் துளைக்கிற குளிர். பிறகு பாட்டில் ஓடும் கூடம். ஆயிரக்கணக்கில் பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கலகலவென்று ஓடின. "எல்லாம் எங்களோடது மாமா. நான் பார்த்து அனுப்பினது" என்று அவர் காதுக்குள் கத்தினான். இவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் விடுவித்துக்கொள்ளவில்லை.

கடைசியில் ஒரு மரக்கூடம். நீளமான மேஜை, பெஞ்சு. எல்லோர் முன்னாலும் ஒரு கண்ணாடி டம்ளரில் பீர், நடுவில் தட்டு தட்டாக ரொட்டி. மாமனாருக்குப் பழச்சாறு. அதற்குமேல் அவனைப் படுத்தக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. "வேணாம்னா விடுடா. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார்.

சுருட்டை அவரை நிமிர்ந்து பார்த்தான். தட்டைப் பக்கத்தில் இழுத்தான். ஒரு ரொட்டியை எடுத்துத் தின்றான், இன்னொன்றையும் எடுத்தான். மென்று விழுங்க முடியாமல் டம்ளரை எடுத்து ஒரு மடக்கு குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, கைகளை மேஜைமேல் வைத்தான்.

"சாப்பிட்டேன் மாமா. சொல்லுங்க. அப்பா எப்ப போனாரு?"

மாமனாருக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பாலத்தில் அவன் பேசியது, அழாமல் அழுதது, எல்லாம் சேர்ந்து அப்போதுதான் உறைத்தது. நாங்கள் கட்டிவிட்ட பொய்யைப் பிடித்துக்கொண்டு அவன் அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அம்மா தாலி அறுத்த துக்கத்தில் பேச முடியாமல் கிடக்கிறாள் என்று நினைத்திருக்கிறான். வாழ்க்கையில் ஒரு வார்த்தையையும் நிறுத்துப் பார்க்காமல் பேசாத மனுஷன், பதறிப்போய் வாயை விட்டுவிட்டார்.

"ஐயோ, அப்பாவா? உங்கப்பா இருக்காருடா! நல்லா இருக்காரு!"

"நிஜமாவா? ஆஸ்பத்திரியில..."

"ஆஸ்பத்திரிக்கே போகலடா. வீட்லதான் இருக்காரு."

அவன் எழுந்து நின்றுவிட்டான். தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சிரித்தான், கண்ணில் தண்ணீர் கொட்டியது. மேஜையைச் சுற்றி வந்து மாமாவைக் கட்டிக்கொண்டான். "பயமுறுத்திட்டீங்களே மாமா! ரெண்டு நாளா உயிரே இல்ல எனக்கு!" சுற்றிக் காட்டிய பெண் என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவளிடம் அவர்கள் பாஷையில் சொன்னான். என்ன சொன்னான் என்பது எல்லோர் முகத்திலும் தெரிந்தது. யாரோ கை தட்டினார்கள். ஒரு பெரியவர் எழுந்து டம்ளரைத் தூக்கினார், உடனே மேஜை முழுக்க டம்ளர்களைத் தூக்கினார்கள். சுருட்டையும் தன் டம்ளரைத் தூக்கி, எல்லோருடைய டம்ளரிலும் இடித்து, சிரித்துக்கொண்டே குடித்தான். மாமனார் கையிலும் பழச்சாறு டம்ளரைத் திணித்தார்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இருங்க, அம்மாகிட்ட பேசிடறேன்" என்று அவன் போனை எடுத்தான். "ஆஸ்பத்திரி இல்லேன்னா எடுப்பாங்கல்ல. ஏன் இப்படிப் பொய் சொல்றாங்க எல்லாரும்..."

மாமனார் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "போடாதடா" என்றார்.

அவன் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. "ஏன் மாமா?" என்றான். பிறகு, "அப்ப அம்மா ஏன் வரல?" என்றான்.

எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேருக்குச் சொன்னவர். விமானத்தில் வரும்வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவர். "என் தங்கச்சி..." என்றார். அதற்குமேல் முடியவில்லை. அத்தனை அந்நியர்களுக்கு நடுவில் வாய்விட்டு, குழந்தைபோல் அழுதார். ஒரு வாரமாக அடக்கி வைத்தது அத்தனையும் அங்கே கொட்டிற்று. டம்ளர்களைத் தூக்கியவர்கள் ஒவ்வொருவராகக் கீழே வைத்தார்கள்.

சுருட்டை பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவினான். "அழாதீங்க மாமா, அழாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கைத்தாங்கலாக ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனதும் அவன்தான். அவனுக்கு அழுகை வந்தது ரயில் கிளம்பிய பிறகு.

மாமனார் திரும்பி வந்துவிட்டார். சுருட்டை அங்கேயே வேலையில் இருக்கிறான், பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. நான் போன் செய்யும்போதெல்லாம் நன்றாகத்தான் பேசுவான். போன வாரம் மட்டும் பேச்சை முடிக்கப்போகும்போது, "அண்ணா, ஒண்ணு சொல்லட்டா?" என்றான். "எனக்கு ஒளிச்சு வெச்சது, பொய் சொன்னது, அதெல்லாம் கோவமே இல்ல. அம்மா செத்துக் கிடக்கிறப்ப நான் டம்ளரைத் தூக்கிச் சிரிச்சிருக்கேன். கை தட்டினாங்கண்ணா, எல்லாரும். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதுக்கு முன்னாடி வந்ததே இல்ல. அதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?" பிறகு அவனே, "மாமாகிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாரு" என்றான்.

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, அவன் சிரித்ததை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தானே.